நெஞ்சைத் திறந்த பின்

தமிழிலே நெஞ்சு என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. விலாவென்புகளுக்குள்ளே துடிக்கும் உறுப்பு இருக்கும் இடமும் நெஞ்சுதான்; நினைப்பதும் மறப்பதும் நெஞ்சுதான். முதியவர் ஒருவர் "நெஞ்சு நோகிறது" என்று சொன்னால், அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதா, அவருடைய பிள்ளைகளைக் கண்டிப்பதா என்பது சந்தர்ப்பத்தைப் பொறுத்தது. உடற்கூற்று நூலார் இந்த இரட்டைப் பொருளை ஏற்கமாட்டார்கள். இரத்தத்தை இறைப்பது இருதயம், எண்ணுவது மூளை என்று அவர்கள் பங்கு பிரித்துத் தந்துவிட்டார்கள், அது சரியே. ஆயினும், இருதய சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பிய முதியோர் சிலரை உற்று நோக்கும்போது, நம் முன்னோர் வழங்கிய சொல் முற்றிலும் பிழையன்று என்றே எண்ணத் தோன்றுகிறது.

மார்பைத் திறந்து செய்த வேலை செவ்வனே முடிந்திருக்கும். காயம் ஆறியிருக்கும். படியேறினால் முன்போல இளைப்பதில்லை. வைத்தியர் கொப்பியில் 'திருப்தி' என்று எழுதிவிட்டார். ஆனால், நாற்பது ஆண்டுகள் கணக்கெழுதி இளைப்பாறிய அந்த மனிதர், கடைக்காரர் கொடுத்த மிச்சக் காசை மூன்று முறை எண்ணுகிறார். பத்திரிகையின் ஆசிரியத் தலையங்கத்தை வரி விடாமல் படித்தவர் தலைப்போடு நிறுத்திக்கொள்கிறார். மூன்று பேர் ஒருங்கே பேசினால் அவருக்குக் கதை பிடிபடுவதில்லை. வீட்டார் முதலில் 'களைப்பு' என்பர். பின்பு 'வயது' என்பர். ஒருநாள் குரலைத் தாழ்த்தி, 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பர். அந்தச் சொல் ஒரு முறை வீட்டுக்குள் நுழைந்துவிட்டால், அதன் பிறகு அவர் சொல்லும் எதற்கும் அந்த வீட்டிலே மதிப்பில்லை.

இம்மாற்றம் வீட்டாரின் கற்பனையன்று, முதியவரின் குற்றமுமன்று. வைத்திய உலகம் ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாக அறிந்திருக்கும் ஒன்று. அவ்வாறிருக்க, சத்திரசிகிச்சைக்கு முன்னர் அதனை நோயாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் எடுத்துச் சொல்லாமல் விடுவது பெருந்தவறு என்பதே நமது வாதம். சொல்லாமைக்குக் காட்டப்படும் நியாயங்களுள் ஒன்றேனும் நிலைநிற்கக் கூடியதாக நமக்குத் தோன்றவில்லை.

1955ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் 'லான்செற்' என்னும் வைத்திய சஞ்சிகையில் பெட்ஃபோர்ட் என்னும் வைத்தியர் ஒரு கட்டுரை எழுதினார். சத்திரசிகிச்சைக்குப் பின் எங்கள் தகப்பனார் பழைய மனிதராக இல்லை, எங்கள் தாயார் முன்போல இல்லை என்று உறவினர்கள் மீண்டும் மீண்டும் முறையிட்டதைக் கேட்டு, அதனைத் தட்டிக் கழியாமல் ஆராயப் புகுந்தவர் அவர். மயக்க மருந்து பெற்றுச் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதியோரின் நிலையை அவர் பரிசீலித்தார். பெரும்பாலானோருக்குத் தீங்கில்லை, ஆயினும் சிலருடைய அறிவு மீளாத வகையில் தேய்ந்திருந்தது. முதியோருக்குச் சத்திரசிகிச்சை உண்மையிலேயே அவசியமான இடத்தில் மட்டும் செய்யப்படல் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. இந்த நோயை முதலிற் கண்டவர்கள் வைத்தியர்களல்லர், உடனிருந்த மனைவியரும் மக்களுமே என்பதை இவ்விடத்திற் குறித்துவைத்தல் நன்று.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர்தான், 1953 மே மாதம் 6ஆம் திகதி, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜோன் கிப்பன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளும் இயந்திரம் ஒன்றின் துணைகொண்டு, ஓர் இளம்பெண்ணின் இருதயத்தைத் திறந்து அதிலிருந்த துவாரத்தை மூடினார். அவ்வியந்திரத்தை ஆக்குவதற்காக அவரும் அவர் மனைவியாரும் செலவிட்ட காலம் இருபது ஆண்டுகளுக்கு அண்மையது. 1967இல், கிளீவ்லாந்து நகரில் வேலை செய்த ஆர்ஜென்ரீன நாட்டவரான றெனே ஃபவலோறோ, காலிலிருந்து எடுத்த நாளத்தை இருதயத்தின் அடைபட்ட நாடிக்கு மாற்றுவழியாகத் தைத்தார். இன்று நாம் 'பைபாஸ்' என்று வழங்கும் சிகிச்சை உலகெங்கும் பரவியது அதன் பின்னரே. தொடக்கத்தில் நடுவயதினருக்குச் செய்யப்பட்ட அது, நாளடைவில் எழுபது, எண்பது வயதினரையும் எட்டியது. நம் நாட்டிலே 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நூற்றுக்கு 12.4 பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். அத்தொகை அதன் பின்னர் ஏறியதேயன்றி இறங்கவில்லை. ஆகவே இது அயல்நாட்டு விவகாரமன்று.

இயந்திரம் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். உடலிலிருந்து திரும்பிவரும் கரிய இரத்தம் குழாய் வழியே வெளியே எடுக்கப்படும். அங்கே அதற்கு ஒட்சிசன் ஊட்டப்படும். வேண்டிய அளவு குளிர வைக்கப்படும். பின்பு பெருநாடிக்குள் திருப்பி அனுப்பப்படும். இரத்தம் உறையாதிருக்க மருந்து. இருதயம் அசையாதிருக்கப் பொட்டாசியம் கலந்த கரைசல். பெருநாடியை இறுக்கிப் பிடிக்க ஒரு கவ்வி. முதியவரின் பெருநாடியோ இளைஞனுடையதைப் போன்று மிருதுவானதன்று. உள்ளே கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து, பழைய தண்ணீர்க் குழாயைப் போல இருக்கும். கவ்வியைப் பூட்டும்போதோ விடுவிக்கும்போதோ அப்படிவின் நுண்ணிய துகள்கள் பெயர்ந்து மூளைக்கு ஏறலாம். காற்றுக் குமிழிகள் ஏறலாம். இரத்தம் அந்நியப் பொருளைத் தீண்டுவதால் உடல் முழுவதும் ஓர் அழற்சி எழலாம். இரத்த அமுக்கம் தாழலாம். கைகால் விழுத்தும் பக்கவாதம் வேறு விஷயம். அது நூற்றுக்கு ஓரிருவருக்கே நேர்வது, எவர் கண்ணுக்கும் தெரிவது. நாம் இங்கு பேசுவது படமெடுத்தாலும் பிடிபடாத, ஆளறிந்தவர் மட்டும் அறியக்கூடிய தேய்வைப் பற்றி.

அது எத்துணை பேருக்கு நேர்கிறது? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2001இல் வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறையில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. பைபாஸ் செய்துகொண்ட 261 பேரைச் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் அவர்கள் சோதித்தார்கள். சொற்களைக் கேட்டு நினைவிலிருந்து சொல்லுதல், இலக்கங்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லுதல் என்றாற் போன்ற சோதனைகள். வைத்தியசாலையை விட்டு நீங்கும் வேளையில் 100 பேரில் 53 பேருக்கு அறிவுத்திறன் குறைந்திருந்தது. ஆறு வாரத்தில் அது 36 ஆயிற்று. ஆறு மாதத்தில் 24 ஆயிற்று. இம்மட்டில் நிறுத்தியிருந்தால் ஆறுதலான கதை. ஐந்து ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்தபோது 42 பேருக்குக் குறைவு காணப்பட்டது. தொடக்கத்திலே குறைவு கண்டவர்களே பிற்காலத்திலும் தேயும் சாத்தியம் உள்ளவர்களாக இருந்தார்கள்.

இயந்திரத்தின் மேல் பழி விழுந்தது. மேலைநாட்டுச் சத்திரசிகிச்சை கூடங்களிலே இந்நிலைக்குப் 'பம்ப்ஹெட்' என்று ஒரு பரிகாசப் பெயரும் வழங்கியது. ஒரு துன்பத்துக்குப் பெயர் வைத்து நகைக்கத் தெரிந்தவர்களுக்கு, அதனை நோயாளியிடம் சொல்ல மட்டும் நா எழவில்லை என்பது வியப்புக்குரியது.

பழி சரியா என்பதைச் சோதித்தவர்கள் ஒல்லாந்து தேசத்தார். இயந்திரத்தைப் பூட்டாமலே, துடித்துக்கொண்டிருக்கும் இருதயத்தின் ஒரு பகுதியை மட்டும் உறிஞ்சிப் பிடித்து நிலைநிறுத்தி, அங்கே தையல் போடும் கருவியொன்றை யூட்ரெக்ட் நகரில் ஆக்கியிருந்தார்கள். கருவிக்குப் பெயர் 'ஒக்டோபஸ்'. நோயாளரில் ஒரு பகுதியினருக்கு இயந்திரத்தோடும், மறு பகுதியினருக்கு இயந்திரமின்றியும் சிகிச்சை செய்து ஒப்பு நோக்கினார்கள். 2007இல் வெளிவந்த ஐந்தாண்டு முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. இரு பகுதியிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தேய்வு, வேறுபாடு இல்லை. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆராய்ச்சியாளரோ வேறொரு கேள்வியை எழுப்பினார்கள்: இருதய நாடி அடைபட்டும் சத்திரசிகிச்சை செய்துகொள்ளாதவர்களின் அறிவு எப்படிப் போகிறது? ஆறாண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், அவர்களும் பைபாஸ் செய்துகொண்டவர்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் இறங்கியிருந்தார்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கும்போது நமக்குத் தோன்றுவது இது. இருதயத்தின் நாடியை அடைத்த அதே வியாதி மூளையின் நாடிகளையும் நெடுங்காலமாக அரித்துக்கொண்டிருக்கிறது. உயர் இரத்த அமுக்கமும் நீரிழிவும் புகையும் ஓர் உறுப்போடு நின்றுவிடுவன அல்ல. பல ஆண்டுகள் கழித்துத் தென்படும் தேய்வுக்குப் பெரும் பொறுப்பு அவற்றையே சாரும். ஆனால் முதல் நாட்களிலும் முதல் மாதங்களிலும் நேரும் வீழ்ச்சி வேறு. அதிலே சத்திரசிகிச்சைக்கும் அதைச் சூழ்ந்த நாட்களுக்கும் பங்கு உண்டு. இருதயத்தைத் தொடாத சத்திரசிகிச்சைகளிலும் அது நேர்கிறது. அறுபது வயதைக் கடந்த 1218 பேரைப் பல நாடுகளில் ஆராய்ந்து 1998இல் வெளியான அறிக்கையிலே, ஒரு வாரத்தில் நூற்றுக்கு 25.8 பேருக்கும் மூன்று மாதத்தில் 9.9 பேருக்கும் குறைவு காணப்பட்டது. சத்திரசிகிச்சை பெறாத சமவயதினரிடம் அது முறையே 3.4, 2.8 என்ற அளவிலேயே இருந்தது.

இனி, 'சொன்னால் பயந்து ஓடிவிடுவார்கள்' என்று மௌனத்துக்கு நியாயம் கூறும் வைத்தியர்களுக்கு நாம் கேட்க விரும்புவது ஒன்று. எதற்குப் பயந்து எங்கே ஓடுவார்கள்? சத்திரசிகிச்சையை மறுத்தால் அறிவு நிலைக்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது என்பதைத்தானே மேலே கண்ட ஆராய்ச்சிகள் காட்டுகின்றன? இடது பிரதான நாடி அடைபட்டவர் போன்றோருக்கு பைபாஸ் ஆயுளை நீட்டும் என்பது நெடுங்காலமாக நிறுவப்பட்ட உண்மை. இவ்விரண்டையும் ஒருங்கே எடுத்துச் சொன்னால் விளங்கிக்கொள்ள முடியாதவர்களா நம் முதியவர்கள்? மழைக்கும் வெயிலுக்கும் கணக்குப் பார்த்துப் பயிரிட்டவர்கள், கடலின் குணமறிந்து தோணி இறக்கியவர்கள், இலாபத்தையும் ஆபத்தையும் சேர்த்து நிறுக்க நம்மிடம் பாடம் கேட்க வேண்டியதில்லை. சொல்லாமல் விட்டதன் விளைவையோ வீட்டிலே காண்கிறோம். எதிர்பாராத மாற்றத்தைக் கண்டு கலங்கும் மனைவி அதைத் தன் கணவனின் பிடிவாதமென்று எண்ணிச் சினக்கிறாள். அவரோ தமக்குப் பைத்தியம் பிடிக்கிறதென்று அஞ்சி யாரோடும் பேசாதிருக்கிறார். ஆறு மாதத்தில் பெரும்பாலும் தெளியக்கூடியதென்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்விரு துன்பமும் இல்லை.

சொல்வதோடு முடியவில்லை, செய்யக்கூடியதும் உண்டு. சத்திரசிகிச்சை முடிந்த இரண்டாம் மூன்றாம் நாளிலே முதியவர் சிலருக்கு மாறாட்டம் காணும். குழாய்களைப் பிடுங்குவார், இறந்துபோன தமையனோடு பேசுவார், தாதியைப் பார்த்து, "என்னை ஏன் கடத்திக்கொண்டு வந்தீர்கள்?" என்பார். இது எல்லோர் கண்ணிலும் படும். வேறொரு வகை உண்டு. அவர் சத்தமின்றிக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். கேட்டதற்கு நெடுநேரம் கழித்து ஒரு சொல் சொல்வார். "பாவம், நல்ல நித்திரை" என்று நாமும் திருப்தியோடு திரும்பிவிடுவோம். அதுவும் மாறாட்டமே, கவனியாமல் விடப்படுவதால் அதுவே பொல்லாதது. 2012இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்றிலே, இருதய சத்திரசிகிச்சை பெற்ற அறுபது வயதுக்கு மேற்பட்ட 225 பேரில் 100க்கு 46 பேருக்கு மாறாட்டம் வந்தது. ஆறு மாதம் சென்ற பின்னும் பழைய அறிவுநிலைக்குத் திரும்பாதோர், மாறாட்டம் வந்தவரிடையே 100க்கு 40, வராதவரிடையே 24. ஓராண்டில் அந்த இடைவெளி சுருங்கியது. 'இரண்டு நாள் உளறினார், பிறகு சரியாகிவிட்டது' என்று நாம் தள்ளிவிடும் அந்த இரண்டு நாட்கள் அத்துணை அற்பமானவை அல்ல.

இதனை உறுதியாகத் தடுக்கும் மருந்து எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை. மருந்தல்லாத வழி நிறுவப்பட்டிருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷாரன் இனோய் என்னும் வைத்திய அம்மையாரும் அவர் குழுவினரும் 1999இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், எழுபது வயதைக் கடந்த 852 பேரைக் கவனித்தார்கள். அவர்கள் சத்திரசிகிச்சைக்காரர் அல்லர், பொது நோயாளர். ஆயினும் பாடம் பொதுவானது. ஒரு பகுதியினருக்கு வழமையான பராமரிப்பு. மற்றப் பகுதியினருக்கு அதனோடு, நாளும் இடமும் நினைவூட்டிப் பேசுதல், இரவில் மருந்தின்றி உறங்கவைத்தல், விரைவில் எழுப்பி நடத்தல், கண்ணாடியும் காதுக் கருவியும் கொடுத்தல், தண்ணீர் பருகவைத்தல். முதற் பகுதியில் மாறாட்டம் கண்டவர் நூற்றுக்கு 15.0, இரண்டாம் பகுதியில் 9.9. கோடிக்கணக்கில் விலைபோகும் யந்திரம் எதுவும் இதிலே இல்லை. நம் பாட்டிமார் நோயாளியின் தலைமாட்டில் இருந்து செய்ததும் ஏறக்குறைய இதுவே.

பேச்சு என்று சொன்னோம், எந்த மொழியில்? வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ மலைநாட்டுத் தோட்டத்திலிருந்தோ தலைநகருக்குச் சிகிச்சைக்கு வரும் முதியவர், தமிழன்றி வேறு மொழி அறியாதவராக இருக்கலாம். மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்போது அவர் காதில் விழுவது விளங்காத மொழி. கண்ணில் படுவது ஜன்னலில்லாத சுவரும் இரவுபகல் அணையாத விளக்கும். தாதியர் அன்பு மிக்கவர்களே. அவர்கள் ஓய்வின்றி உழைப்பவர்கள் என்பதையும் நாம் அறிவோம். ஆனால் திசையிழந்த மனத்துக்கு அன்பு மட்டும் போதாது. விளங்கும் சொல் வேண்டும். "அப்பா, இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. ஒப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. நான் பக்கத்திலைதான் இருக்கிறன்" என்று மகள் ஒருத்தி மணிக்கொரு முறை சொல்வது, அந்த வேளையில் எந்தக் குளிசைக்கும் குறைந்ததன்று. தொற்று ஏறும் என்ற அச்சம் நியாயமானதே. கை கழுவி, அங்கி அணிந்து, ஒருவர் மட்டும் அருகிருக்க விடுவதால் அந்த அச்சம் நீங்கும். பார்வையாளர் நேரம் முடிந்ததென்று மணியடித்து மகளை வெளியே அனுப்பிவிட்டு, முதியவர் உளறத் தொடங்கியதும் கையைக் கட்டிலோடு கட்டுவது என்ன நியாயம்?

இன்னொன்று, சத்திரசிகிச்சைக்கு முன்னர் அவருடைய அறிவுநிலையைச் சோதித்து எழுதிவைக்கும் வழக்கம். இருதயத்தைப் படமெடுக்கிறோம், சிறுநீரகத்தைச் சோதிக்கிறோம், பல்லைக்கூடப் பார்க்கிறோம். மூளையை மட்டும் ஒரு கேள்விகூடக் கேளாமல் மேசையில் ஏற்றிவிடுகிறோம். பின்பு குறைந்ததென்று எவராவது முறையிட்டால், எதிலிருந்து குறைந்தது என்று சொல்ல அளவில்லை. பத்து நிமிடச் சோதனை போதும். ஆனால் அது நோயாளியின் தாய்மொழியில், அவர் கற்ற அளவை அறிந்து நடத்தப்பட வேண்டும். பிற மொழியில் மாதத்தின் பெயரைக் கேட்டு, அவர் விழித்தால், அங்கே அளக்கப்படுவது அறிவன்று, மொழியே. பள்ளிக்கூடம் போகாத மூதாட்டியிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வதிலும் பயனில்லை. சந்தையில் மூன்று கறி வாங்கி மிச்சம் எவ்வளவு என்று கேட்டால் அவர் நம்மைவிட வேகமாகச் சொல்வார்.

கடைசியாக, எழுதக் கூசினாலும் எழுதியே ஆகவேண்டிய விஷயம். நம் சமூகத்தில், குறிப்பாகப் பிள்ளைகள் கடல் கடந்து வாழும் குடும்பங்களில், தகப்பனுக்குச் சத்திரசிகிச்சை என்றவுடன் எல்லோரும் வந்து கூடுகிறார்கள். கூடியது கூடியதாகக் காணியையும் எழுதி முடித்துவிடுவோம் என்று யாராவது ஒருவருக்குத் தோன்றுகிறது. விமானச் சீட்டுக்குத் திகதி நெருங்குகிறது. வைத்தியசாலையை விட்டு வந்து இரண்டு வாரமாகாத மனிதரின் முன்னே நொத்தாரிசு உறுதியை வாசிக்கிறார், அவர் தலையசைக்கிறார், கையொப்பமிடுகிறார். அவர் தலையசைத்தது விளங்கியதாலா, நாரியைச் சாய்த்துப் படுக்க வேண்டும் என்பதாலா என்பதை யார் அறிவார்? உறுதி முடிக்க வேண்டுமாயின் மார்பைத் திறப்பதற்கு முன் முடிக்கலாம். அன்றேல் சில மாதம் பொறுத்து, அவர் தெளிந்ததை ஒரு வைத்தியர் பார்த்துச் சொன்ன பின் முடிக்கலாம். காணி எங்கும் ஓடிவிடாது.

இதன் மறுபக்கமும் உண்டு. அது இதைவிடக் கொடியது. தெளிந்துவிட்ட மனிதரின் வாயை அடைப்பதற்கு, அவருக்குப் பிடிக்காத கலியாணத்துக்கோ விற்பனைக்கோ வழி திறப்பதற்கு, "அவருக்கு ஒப்பரேஷனுக்குப் பிறகு மாறாட்டம்" என்று ஊரெல்லாம் சொல்லிவைப்பவர்களைப் பற்றிச் சொல்கிறோம். தேய்வு எல்லோருக்கும் வருவதன்று. வந்தவர்களிலும் பலர் மீள்கிறார்கள். மீண்டவருடைய சொல்லுக்குப் பழைய மதிப்பைத் திருப்பிக் கொடுக்க அவருடைய குடும்பம் தயாராக இருக்கிறதா? வைத்தியசாலையைக் குறை கூறுவதற்கு முன், வீடுகளுக்குள்ளே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

இதற்கிடையில், இந்த வாரமோ அடுத்த வாரமோ எவருடைய தகப்பனாரையாவது சத்திரசிகிச்சைக்குக் கொண்டுசெல்பவர்கள், சாரம் துவாயோடு மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் பற்செட்டையும் பெயரெழுதிய ஒரு பெட்டியில் இட்டுத் தாதியிடம் கொடுங்கள். வழக்கம் போல அவற்றை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப முயல்வார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.